பயேர்ன் மியூனிக்கில் சாடியோ மானே ஏன் நிலைக்கவில்லை?

கேள்வி:
லிவர்பூல் அணிக்காக ஆறு சீசன்களில் 269 ஆட்டங்கள் ஆடி 120 கோல்கள் அடித்த செனகல் கால்பந்து வீரர் சாடியோ மானே, 2022 கோடையில் ஜெர்மனியின் பயேர்ன் மியூனிக் அணிக்குச் சென்று, ஒரே ஆண்டில் அங்கிருந்து சவூதி அரேபியாவின் அல் நாசர் அணிக்கு மாறிவிட்டார். பயேர்னில் சேர்ந்தபோது அவருக்கு வயது முப்பதுதான். காயம், ஆட்டமுறை ஆகிய இரண்டில் எதை முதன்மைக் காரணமாகக் கொள்ளலாம்?

பதில்:
ஆட்டமுறைதான் என்பது என் கருத்து. டக்காரின் ஜெனரேஷன் ஃபூட் அகாடமியிலிருந்து பிரான்சின் மெட்ஸ் அணிக்கு வந்த மானேயை உருவாக்கிய இடம் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க். எதிரணியின் காலில் பந்து இருக்கும்போதே கூட்டமாகப் பாய்ந்து பறித்து, அதே வேகத்தில் கோலை நோக்கி ஓடும் ஆட்டத்தை ரோஜர் ஷ்மிட்டின் பயிற்சியில் அவர் அங்கேதான் பழகினார். 2014 ஜனவரியில் ஒரு நட்பு ஆட்டத்தில், கார்டியோலா பயிற்சியளித்த பயேர்னை 3-0 என்று சால்ஸ்பர்க் வென்றபோது மானேயும் கோல் அடித்தார். பிறகு சவுத்தாம்ப்டனில், 2015 மே மாதம் ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக 2 நிமிடம் 56 விநாடிகளில் அவர் அடித்த ஹாட்ரிக், பிரீமியர் லீக்கின் மிக விரைவான ஹாட்ரிக் ஆனது. லிவர்பூலில் பயிற்சியாளர் க்ளாப்பும் இதே வகை ஆட்டத்தையே கேட்டார். பயேர்னிலோ, அதே கோடையில் விலகிய முன்னணி கோல் வீரர் லெவன்டாவ்ஸ்கி விட்டுச்சென்ற கோல்களை யாராவது அடித்தாக வேண்டியிருந்தது. பின்னால் ஒதுங்கித் தடுக்கும் அணிகளுக்கு எதிராக, ஓட இடமில்லாமல் மானே திணறினார்.

மற்றொரு பதில்:
மேலே உள்ள பதிலில் சால்ஸ்பர்க் பற்றிய பகுதியை முழுமையாக ஏற்கிறேன். முடிவை ஏற்க இயலவில்லை. 2022 ஜனவரியில் இடது ஓரத்தில் ஆடும் லூயிஸ் தியாஸ் வந்த பிறகு, லிவர்பூலிலேயே மானே பல ஆட்டங்களில் முன்வரிசையின் நடுவில் நின்று நன்றாக ஆடினார். பயேர்னில் அவர் அடித்த 12 கோல்களில் 11, நவம்பர் 8 அன்று வெர்டர் பிரெமனுக்கு எதிராகக் காயமடைவதற்கு முன்பே வந்தவை. ஆட்டமுறை பொருந்தாத ஒருவர், புதிய நாட்டில், முதல் மூன்று மாதங்களில் அத்தனை கோல்கள் அடிப்பாரா? அந்தக் கால் காயத்தால் அவர் கத்தாரில் நடந்த உலகக் கோப்பையையும் இழந்தார். அதே ஆண்டு பிப்ரவரியில், எகிப்துக்கு எதிரான ஆப்பிரிக்கக் கோப்பை இறுதியாட்டத்தில் தொடக்கத்திலேயே ஒரு பெனால்டியைத் தவறவிட்டும், முடிவில் வெற்றிக்கான பெனால்டியை அடித்துச் செனகலுக்கு முதல் கோப்பையைப் பெற்றுத் தந்தவர் அவர் என்பதை நினைத்தால், அந்த இழப்பின் அளவு புரியும்.

கேள்வி கேட்டவர்:
கோல்கள் காயத்துக்கு முன்னும் பின்னும் இப்படிப் பிரிந்திருப்பதை நான் கவனித்ததில்லை. அப்படியானால், குணமடைந்து திரும்பிய பிறகு அவர் ஏன் மீளவில்லை?

மற்றொரு பதில்:
மீள்வதற்கு அவகாசம் கிடைக்கவில்லை என்பதே காரணம். பிப்ரவரி இறுதியில் அவர் களத்துக்குத் திரும்பினார். மார்ச் மாதத்திலேயே, அவர் சேர்ந்தபோது பயிற்சியாளராக இருந்த நாகெல்ஸ்மான் நீக்கப்பட்டு, டூஹெல் வந்தார். விங்கில், அதாவது களத்தின் ஓரத்தில், ஆட கோமான், சானே, நாப்ரி என்று ஏற்கெனவே ஆட்கள் நிறைந்திருந்த அணியில், புதிய பயிற்சியாளர் ஒருவர் முழு வேகம் திரும்பாத வீரரை வரிசையின் முன்னால் நிறுத்த மாட்டார். ஏப்ரலில் மான்செஸ்டர் சிட்டியுடனான தோல்விக்குப் பிறகு சக வீரருடன் ஏற்பட்ட மோதலுக்காக, அணி நிர்வாகம் அவரை ஓர் ஆட்டத்துக்கு விலக்கிவைத்தது. அதற்கு அடுத்த வாரம் மைன்ஸிடம் 3-1 என்று தோற்ற ஆட்டத்தில் பயேர்னின் ஒரே கோலை அடித்தவரும் மானேதான்.