கீறுறத விட அழிக்கிறதுதான் கூட, என்ன செய்யலாம்?

கடலோரக்காகம்:
வெள்ளவத்தையில இருக்கிறன், வேலை முடிஞ்சு வந்து ராவில கொப்பியும் பென்சிலுமா இருந்தா ஒரு கோடு கீறினவுடனேயே கை அழிறப்பரைத் தேடுது, பிறகு போனை எடுத்து மற்றாக்கள் கீறினதப் பாத்துப் பாத்தே பன்னிரண்டு மணியாகிடும். ஆறு மாசமா ஒரு படமும் முடிக்கேல்ல. இந்தப் பழக்கத்த எப்பிடி விட்டனீங்கள்?

குலுக்கல் பஸ்:
அழிறப்பரத் தூக்கி எறியுங்கோ, பகிடியில்ல. நான் பேனையால மட்டும்தான் கீறுறன், அதுவும் பாணந்துறை–புறக்கோட்டை 100 பஸ்ஸில, சனத்தின்ர முகங்கள். குலுக்கிற குலுக்கில கோடு நேரா வராது, அதால வடிவா வரோணும் எண்ட ஆசையே போயிட்டுது. ஆள் இறங்கினா படமும் முடிஞ்சுது.

மழைக்காகிதம்:
போனை மற்ற ரூமில சார்ஜ்ல போடுங்கோ. முதல் பத்து நிமிசம் கை அரிக்கும்தான்.

பழைய பிரஷ்:
1993ல தொடங்கின கலா பொல எண்ட ஓவியச் சந்தை, கொழும்பு ஆனந்த குமாரசாமி மாவத்தையில நடக்கிறது, ஒருக்காப் போய்ப் பாருங்கோ. ரோட்டோரமா எத்தினை விதமாக் கீறி வச்சிருக்கினம், எனக்குக் கோணலாத் தெரிஞ்ச படத்தையே ஒராள் பேரம் பேசி வாங்கிக்கொண்டு போனார். (எனக்கு இன்னும் அது பிடிக்கேல்ல!)

கடலோரக்காகம்:
சரி, நாளைக்குப் பேனையோட பஸ் ஏறிப் பாக்கிறன். சீட் கிடைச்சாத்தானே.