சாங்கியிலிருந்து மரினா அணைக்கட்டு வரை நடை: மழைக்கு எங்கே ஒதுங்கலாம்?

வணக்கம். அடுத்த மாதம் நானும் அக்காவும் சிங்கப்பூரில் சாங்கி வில்லேஜிலிருந்து ஈஸ்ட் கோஸ்ட் வழியாக மரினா அணைக்கட்டு வரை ஒரே நாளில் நடக்கப் போகிறோம். வெயிலுக்கு முன் கிளம்பலாம் என்றால், தென்மேற்குப் பருவத்தில் சுமத்ரா பக்கமிருந்து வரும் சூறைக்காற்று பெரும்பாலும் விடியலுக்கும் நண்பகலுக்கும் இடையில்தான் அடிக்கிறது. நனைவது பரவாயில்லை, இடிமின்னல்தான் கவலை.

ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் ஒதுங்கக் கூடாரம், கழிவறை, லகூன் உணவங்காடி எல்லாம் உண்டு. விமான நிலைய ஓடுபாதையை ஒட்டிய நீண்ட பாதைதான் திறந்தவெளி. அங்கே நடந்தவர்கள் சொல்லுங்கள்: ஒதுங்க இடம் எங்கே, தண்ணீர் எங்கே கிடைக்கும், பாதியில் திரும்ப எந்தப் பேருந்து? மரத்தடியில் நிற்கலாம் என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள், மின்னலில் அது ஆபத்து. அப்புறம், அக்காவுக்கு முட்டிவலி உண்டு. ஈரத்திலும் வழுக்காத நல்ல காலணி எதுவென்றும் சொன்னால் பெரிய உதவி.