இரவெல்லாம் சிறுநீர், ஓயாத தாகம், மங்கும் பார்வை: அம்மாவின் சர்க்கரை இறங்கும்வரை எப்படிச் சமாளிப்பது?

கேள்வி: ஆயர் ஈத்தாம் வாசி, பினாங்கு

வணக்கம். எங்களுடன் வசிக்கும் என் தாயாருக்கு வயது 67. இனிப்பு நீருக்காக (நீரிழிவு) பல ஆண்டுகளாக அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் மெட்ஃபார்மின், கிளிக்கிளசைடு ஆகிய மாத்திரைகளைப் பெற்று வருகிறார். காலையில் பசியாறுவதற்கு முன் 7 அல்லது 8 என்றிருந்த சர்க்கரை அளவு, அண்மைக் காலமாகக் காலையில் 11க்கும் இரவு உணவுக்குப் பின் 15க்கும் ஏறி நிற்கிறது. சாப்பாட்டில் பெரிய மாற்றம் எதுவும் எங்கள் கண்ணுக்குப் படவில்லை.

இரவில் பல முறை எழுந்து கழிவறைக்குப் போவதால், இருட்டில் வழுக்கி விழுந்துவிடுவோம் என்ற அச்சத்தில், மாலை ஆறு மணிக்குமேல் தண்ணீரே குடிப்பதில்லை என்று அவராகவே முடிவு செய்துவிட்டார். நாக்கு வறண்டு ஒட்டிக்கொள்கிறது என்று சொல்லிக்கொண்டே பிடிவாதமாக இருக்கிறார். தொலைக்காட்சி எழுத்துகள் மங்கலாகத் தெரிவதால் புதுக் கண்ணாடியும் கேட்கிறார். கிளினிக்கில் குறித்துக் கொடுத்த நாளுக்கு இன்னும் மூன்று வாரங்கள் உள்ளன. அதுவரை இவற்றை எப்படிச் சமாளிப்பது? தமிழ்நாட்டுக் காணொளிகளில் 200, 250 என்று பேசுகிறார்களே, எங்கள் கருவியில் வரும் 15 அந்தக் கணக்கில் எவ்வளவு?

பதில்: ஓய்வுபெற்ற தாதி, செந்தூல்

தம்பி, கணக்கை முதலில் முடித்துவிடுவோம். நம் நாட்டுக் கருவிகள் மில்லிமோல் அளவில் காட்டுகின்றன. அதை 18ஆல் பெருக்கினால் இந்தியாவில் சொல்லும் மில்லிகிராம் அளவு கிடைக்கும். ஆகவே 15 என்பது அங்கே 270. பசியாறுவதற்கு முன் 4.4 முதல் 7.0 வரை இருப்பதே பொதுவாக நம் மருத்துவர்கள் வைக்கும் இலக்கு என்றாலும், வயதானவர்களுக்கு அதைச் சற்றுத் தளர்த்துவார்கள். எப்படிப் பார்த்தாலும் அம்மாவின் அளவு மிகுதிதான்.

தண்ணீரைக் குறைப்பதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். இரத்தத்தில் சர்க்கரை ஏறக்குறைய 10ஐத் தாண்டும்போது, சிறுநீரகத்தால் அது முழுவதையும் திரும்ப உறிஞ்ச முடிவதில்லை. மிஞ்சிய சர்க்கரை சிறுநீரில் இறங்கும்போது உடம்பிலுள்ள நீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. அதாவது, நிறையத் தண்ணீர் குடிப்பதால் அம்மாவுக்குச் சிறுநீர் போகவில்லை; சிறுநீர் அதிகமாகப் போவதால்தான் தாகம் எடுக்கிறது. குடிப்பதை நிறுத்தினாலும் சர்க்கரை நீரை இழுப்பது நிற்காது, உடம்புதான் வறளும், வறண்ட உடம்பில் சர்க்கரையின் செறிவு இன்னும் கூடும். வயதானால் தாக உணர்வே மழுங்கிவிடும் என்பதால், அவராகக் கேட்கும்வரை காத்திருக்காமல் பகல் முழுவதும் பிரித்துப் பிரித்து வெறும் தண்ணீரைக் கொடுங்கள். இதயச் செயலிழப்பு அல்லது சிறுநீரக நோய்க்காகத் தண்ணீருக்கு அளவு குறித்துக் கொடுத்திருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்ட பிறகே கூட்டுங்கள்.

வெறும் தண்ணீர் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நாக்கு வறண்டால் ஐசோடோனிக் பானமோ பார்லித் தண்ணீரோ கொடுத்துத் தெம்பேற்றுவது நம் வீடுகளில் வழக்கம். அவை பெரும்பாலும் சர்க்கரை கலந்தவை என்பதால் தாகத்தை மேலும் வளர்த்துவிடும். கடையில் ‘குராங் மானிஸ்’ (இனிப்புக் குறைவாக) என்று சொல்லி வாங்கும் தே தாரிக்கிலும் கெட்டிப்பால் இருக்கத்தான் செய்யும். ‘தே ஓ கோசோங்’ (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்) குடிக்கலாம், ஆனால் பிற்பகலோடு நிறுத்திக்கொள்வது நல்லது, ஏனென்றால் தேநீரும் இரவில் எழுப்பும். இரத்த அழுத்தத்துக்காக, சிறுநீரைக் கூட்டும் நீர் மாத்திரை எதுவும் இருந்தால், அதை எந்த வேளையில் எடுக்க வேண்டும் என்று மருந்தாளரிடம் கேளுங்கள்.

விழுந்துவிடும் அச்சத்துக்கு விடை தண்ணீரைக் குறைப்பதில் இல்லை, வெளிச்சத்தில் இருக்கிறது. படுக்கையிலிருந்து கழிவறைவரை இரவு விளக்கு, ஈரமில்லாத தரை, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, எழுந்தவுடன் நடக்காமல் சற்று உட்கார்ந்திருக்கும் பழக்கம் ஆகியவை போதும். சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலோ காய்ச்சலோ இருந்தால் கிருமித் தொற்றாகவும் இருக்கலாம். தொற்றுகூடச் சர்க்கரையை ஏற்றும்.

மூன்று வாரம் காத்திருக்க வேண்டாம். அளவுகளை நேரத்தோடு எழுதி எடுத்துக்கொண்டு போய், குறித்துக் கொடுத்த நாளை முன்னதாகவே மாற்றித் தரும்படி கேளுங்கள்.

பதில்: ஜெலுத்தோங்கிலிருந்து

கண்ணாடியைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கும் இதே மங்கல் வந்தது. சர்க்கரை ஏறியிருக்கும்போது கண்ணின் வில்லைக்குள் நீர் புகுந்து அதன் வடிவம் மாறுகிறது. சர்க்கரை இறங்கும்போது மீண்டும் மாறும். இந்த நிலையில் அளந்து வாங்கும் கண்ணாடி பின்னர் பொருந்தாமல் போகக்கூடும் என்று என் கண் பரிசோதகர் சொன்னதால், அளவு சீராகிச் சில வாரங்கள் கழித்தே மாற்றினேன். ஆனால் திடீரென ஒரு கண் மறைத்தாலோ, கரும்புள்ளிகள் மிதந்தாலோ, திரை விழுந்ததுபோல் தெரிந்தாலோ அது விழித்திரைச் சிக்கலாக இருக்கலாம்; அதற்குக் காத்திருக்கக் கூடாது.

இன்னொன்று, பலரும் ஏமாறும் இடம் இது. நெடுநாள் 15இல் இருந்து பழகிய உடம்பு, மருந்து வேலை செய்து 7க்கு இறங்கும்போதே படபடப்பையும் வியர்வையையும் காட்டும். அதைத் தாழ்சர்க்கரை என்று எண்ணி மைலோ கலக்கிக் கொடுத்தால் பட்ட பாடெல்லாம் வீணாகிவிடும். அம்மா எடுக்கும் கிளிக்கிளசைடு உண்மையாகவே சர்க்கரையைத் தாழ்த்தக்கூடிய மாத்திரை என்பதால் அலட்சியமும் கூடாது; குத்திப் பார்த்து 4க்குக் கீழே இருந்தால் உடனே இனிப்பு கொடுங்கள், இந்த அறிகுறிகள் தெரியும்போது கருவி கையில் இல்லாவிட்டாலும் கொடுத்துவிடுங்கள். குத்துவதற்கு முன் கையைக் கழுவச் சொல்லுங்கள். ரம்புத்தான் உரித்த விரலில் எடுத்த சொட்டு, இல்லாத சர்க்கரையைக் காட்டும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. தண்ணீர் குடிக்க ஒருவழியாகச் சம்மதித்துவிட்டார். மாத்திரைகளை எல்லாம் ஓரிடத்தில் சேர்த்தபோது, முட்டி வலிக்காகப் பாசார் மாலாமில் (இரவுச் சந்தை) வாங்கிய மூலிகைக் குளிகைப் பொட்டலம் ஒன்றும் அகப்பட்டது. வலி பறந்துவிட்டது என்று தினமும் சாப்பிடுகிறாராம். சர்க்கரை ஏறத் தொடங்கியதும் ஏறக்குறைய அதே சமயத்தில்தான். இதை உடனே நிறுத்திவிடலாமா?

பதில்: ஓய்வுபெற்ற தாதி, செந்தூல்

நீங்களாக நிறுத்தாதீர்கள், ஆனால் மூன்று வாரக் கணக்கை மறந்துவிட்டு இன்றே அல்லது நாளைக் காலையிலேயே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மூட்டு வலிக்கென்று விற்கப்படும் பதிவில்லாத மூலிகைப் பொருள்களில் டெக்ஸாமெதசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைப் பற்றி நம் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்துள்ளது. ஸ்டீராய்டு வலியை விரைவாக அடக்கும், கூடவே சர்க்கரையையும் ஏற்றும், பெரும்பாலும் பிற்பகலிலும் இரவிலும் அதிகமாக. அம்மாவின் குளிகையில் அது இருக்கிறது என்று இங்கிருந்து நான் சொல்ல முடியாது. பெட்டியில் ‘மால்’ (MAL) என்று தொடங்கும் பதிவு எண் இல்லாவிட்டால் சந்தேகம் வலுக்கும். பல வாரங்கள் ஸ்டீராய்டு எடுத்த உடம்பு, அதைத் தானே சுரப்பதைக் குறைத்துவிடும் என்பதால், சட்டென்று நிறுத்தினால் மயக்கமும் இரத்த அழுத்த வீழ்ச்சியும் வரலாம். எப்படிக் குறைப்பது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். பொட்டலத்தைக் கோபத்தில் எறிந்துவிடாமல் மற்ற மாத்திரைகளோடு கொண்டுபோங்கள்.

இதற்கிடையில் விடாத வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல், குழறும் பேச்சு, எழுப்ப முடியாத தூக்கம் ஆகியவற்றில் எது தென்பட்டாலும், அல்லது அளவு 20ஐத் தாண்டி இறங்காமல் நின்றாலும், கிளினிக் திறக்கும் நேரத்தைப் பார்க்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். நடக்க முடியாத நிலை என்றால் 999ஐ அழைத்து, இனிப்பு நீர் நோயாளி என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.