ப்ரமோட்டரா கடைல நின்னவங்க வாங்க, உங்க கதையும் சொல்லுங்க

மதுரைல ஒரு பெரிய கடைல தீபாவளி சீசனுக்கு இண்டக்‌ஷன் அடுப்பு டெமோ காட்ட நின்னேன். கடை ஸ்டாஃப் கிடையாது, சம்பளம் ஏஜென்சி போடுவான், ஆனா வேலை வாங்குறது ஃப்ளோர் மேனேஜர், கூட்டம் ஏறுனா பக்கத்துல இருக்க குக்கர் ஆஃபரையும் நம்மதான் கத்தணும், லோடு வந்தா பெட்டி தூக்குறதும் நம்மதான்.

டெமோ சிம்பிள். அடுப்புக்கும் பாத்திரத்துக்கும் நடுவுல நியூஸ் பேப்பர விரிச்சு தண்ணி கொதிக்க வைப்போம், தண்ணி தளபுளன்னு கொதிக்கும் பேப்பர் எரியாது, பசங்க வாயப் பொளந்துட்டு நிப்பாங்க. பெரியவங்க கேக்குறது ஒண்ணே ஒண்ணு, "கரெண்ட் எவ்ளோ இழுக்கும்?" 2000 வாட்ல ஃபுல்லா ஒரு மணி நேரம் ஓடுனா 2 யூனிட்டுங்க, பால் காய்ச்ச அவ்ளோ நேரம் ஆகாதுங்க. தூக்கத்துலயே உளறிருக்கேன் இத.

ஒரு நாள் ஒரு பாட்டி, மஞ்சப்பைக்குள்ளேர்ந்து ஈயச்சொம்ப எடுத்து நீட்டி "இதுல ரசம் வைக்கலாமாடி"ன்னாங்க. காந்தத்த வச்சுக் காட்டுனேன், ஒட்டல. "ஒட்டுனாத்தான் சூடாகும் பாட்டி"ன்னேன். "காந்தம் ஒட்டுனாத்தான் ரசம் கொதிக்குமா, என்னடி கூத்து இது!" அலுமினியச் சட்டி ஆகாது, வெண்கலப் பானை ஆகாதுன்னு நான் சொல்லச் சொல்ல பாட்டி மூஞ்சி சுருங்குது, கடைசியா தோசக்கல்லு கேட்டாங்க. இரும்பு ஓகே, ஆனா அடி தட்டையா இருக்கணும்னேன். அங்கயே மருமகளுக்கு போன் போட்டு "அந்தக் கல்ல அடுப்பு மேடைல வச்சு அமுக்கிப் பாரு, ஆடுதா?"ன்னு கேக்குறாங்க, பின்னாடி நிக்கிற கூட்டமே பதிலுக்கு வெயிட்டிங். ஆடுச்சு. பாட்டி சொம்போட கெளம்பிட்டாங்க. ஆனா வேடிக்கை பாத்துட்டு நின்ன ஒரு அக்கா அடி தட்டையான கல்லும் அடுப்பும் சேத்து பில் போட்டாங்க, உண்மையச் சொன்னா நம்பி வாங்குறாங்க, இது மேனேஜருக்குத்தான் புரியல, "ஏன்மா ஆகாது ஆகாதுன்னே சொல்ற"ன்னு அன்னிக்கு பூரா திட்டு.

*

சகோ, உக்கார ஸ்டூல் குடுத்தாங்களா? 2021ல தமிழ்நாட்டுல கடை ஊழியருக்கு உக்கார வசதி குடுத்தே ஆகணும்னு சட்டத் திருத்தம் வந்துச்சுல்ல, கேரளால 2018லயே கொண்டு வந்துட்டாங்க. எங்க கடையிலயும் ஸ்டூல் வந்துச்சு. அதுமேல மிக்சி டிஸ்ப்ளே வச்சுட்டானுங்க. ராத்திரி வீட்டுக்குப் போனா கணுக்கால் வீங்கி கொலுசு இறுக்கும். கேட்டா "நீ ஏஜென்சி ஆளு, அங்க கேளு"ம்பாங்க, ஏஜென்சில கேட்டா "கடைக்காரங்ககிட்ட பேசிக்கோங்க"ம்பாங்க.

*

நான் கோயம்புத்தூர்ல சூப்பர் மார்க்கெட்ல டீத்தூள் சாம்பிள் குடுத்தேன். டெய்லி சாயந்தரம் ஒரு அங்கிள் வருவாரு, சின்ன பேப்பர் கப்ல ஒண்ணு குடிச்சுட்டு அரிசி செக்‌ஷன் பக்கம் ஒரு ரவுண்டு, திரும்பி வந்து புதுசா பாக்குற மாதிரியே "இது என்னங்க கண்ணு, டீயா?"ன்னு இன்னொண்ணு. சக்கரை கம்மியா வேற கேப்பாரு. ஒரு பாக்கெட் வாங்குனதில்ல, ஆனா வர்றவங்ககிட்டயெல்லாம் "நல்லாருக்குங்க, குடிச்சுப் பாருங்க"ன்னு அவரே விளம்பரம் பண்ணி வித்துக் குடுத்துருவாரு. ப்ரமோஷன் முடியுற அன்னிக்கு நாளைலேர்ந்து வரமாட்டேன் அங்கிள்னு சொன்னேன். கப்ப கீழ வச்சுட்டு கேட்டாரு, "அப்ப நாளைக்கு பிஸ்கட்டுக்கு ஆள் போடறாங்களாங்க?"