அப்பாக்களுக்கு 40 நிமிடக் கூட்டம்: எதைச் சொல்வது?

வேளச்சேரி டீச்சர்:

சென்னை வேளச்சேரியில் மழலையர் பள்ளி. ஒன்றரை வயது முதல் நான்கு வயது வரை 32 பிள்ளைகள். அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை காலை அப்பாக்களுக்கு மட்டும் 40 நிமிடக் கூட்டம் வைக்கிறோம். பாதிப் பேர் ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) கம்பெனிகளில் வேலை, காலை எட்டுக்குக் கிளம்பினால் வீடு திரும்ப இரவு எட்டரை. மீதிப் பேர் கடை, ஆட்டோ, கால் டாக்ஸி. "பிள்ளையோடு நேரம் ஒதுக்குங்கள்" என்றால் எல்லாரும் தலையாட்டுவார்கள், திங்கட்கிழமை ஒன்றும் மாறியிருக்காது. அதனால் குறிப்பாகவே கேட்கிறேன்.

நாளுக்கு ஒரு மணி நேரம்தான் கிடைக்கும் அப்பா அதை எதில் போட்டால் பிள்ளையின் மனசுக்கும், மற்றவர்களோடு பழகும் விதத்துக்கும் நல்லது? அப்பா கிட்டே போனாலே "அம்மாதான் வேணும்" என்று வீறிடும் பிள்ளைகள் நான்கைந்து பேர் உண்டு. அவர்கள் வீட்டுக்கு என்ன சொல்ல? அப்பா மல்லுக்கட்டி விளையாடுவதால் பிள்ளை முரடாகிறது என்று சில அம்மாக்கள் புகார். நிறுத்தச் சொல்லலாமா?

தூளி (குழந்தை வளர்ச்சிப் பயிற்சியாளர்):

டீச்சர், ஏதாவது ஒரு வேலையை முழுசாக அப்பா பொறுப்பில் விடச் சொல்லுங்கள். விளையாட்டை அல்ல, வேலையை. குளிப்பாட்டுவது, சோறூட்டுவது, தூங்க வைப்பது, எதுவானாலும் சரி. வாரத்தில் ஐந்து நாளாவது, கிட்டத்தட்ட ஒரே நேரத்தில்.

காரணம் இதுதான். பிள்ளை சிரிக்கும்போது அப்பா கையில் இருக்கிறது, அழுததும் "இந்தா பிடி" என்று அம்மா கைக்குப் போய்விடுகிறது. அழுகையை ஆற்றுகிறவர் யாரோ அவரிடம்தான் பிள்ளை ஒட்டும். கண்ணில் சோப்பு படும், சட்டை போட மறுக்கும், சோற்றைத் துப்பும். அந்த அமளி திரும்பத் திரும்ப அப்பா கையிலேயே அடங்கினால்தான் இவரிடமும் ஆறுதல் உண்டு என்று அதற்குப் பதியும். கைக்குழந்தைகள் அம்மாவிடம் ஒட்டுவதுபோல அப்பாவிடமும் ஒட்டுகின்றன என்பதை உளவியலாளர் மைக்கேல் லாம்ப் 1970களிலேயே ஆய்வில் காட்டிவிட்டார். 2008-ல் நீண்டகால ஆய்வுகள் 24-ஐச் சேர்த்துப் பார்த்தபோது 22-ல் அப்பாவின் ஈடுபாட்டுக்கு நல்ல பலன் தெரிந்தது. குறிப்பாகப் பையன்களிடம் நடத்தைச் சிக்கல்கள் குறைவு.

"அம்மாதான் வேணும்" பிள்ளைகளுக்கும் இதே வழிதான், ஆனால் படிப்படியாக. குளியலை எடுத்துக்கொள்வோம். முதல் வாரம் அம்மா தண்ணீர் ஊற்ற, அப்பா சோப்புப் போடுவார். அடுத்த வாரம் அப்பா ஊற்றுவார், அம்மா பக்கத்தில் சும்மா நிற்பார். மூன்றாவது வாரம் அம்மா கதவுக்கு வெளியே, குரல் மட்டும் கேட்கும்படி. நான்காவது வாரம் சமையலறைக்குப் போய்விடலாம். போகும்போது சொல்லிவிட்டுப் போகவேண்டும். நைசாக நழுவினால் மறுநாள் பிள்ளை இடுப்பை விட்டு இறங்காது.

அழும்போது அப்பா சொல்ல வேண்டியது ரொம்பக் கொஞ்சம்: "அம்மா வேணும்னு இருக்கா? அம்மா அடுப்படியில இருக்காங்க. அப்பா இங்கயேதான் இருக்கேன்." திரும்பத் திரும்ப இதையே, தாழ்ந்த குரலில். பொம்மை காட்டுவது, போனில் பாட்டுப் போடுவது வேண்டாம். அழுகை அடங்கும், ஆனால் அடக்கியது போன்தான். பெரும்பாலும் காரியம் கெடுவது மூன்றாவது நிமிடத்தில். அம்மாவோ பாட்டியோ மனசு கேட்காமல் ஓடிவந்து தூக்கிவிடுவார்கள். மூன்று நிமிடம் கத்தினால் அம்மா வருவாள் என்று பிள்ளை படித்துக்கொள்ளும், அடுத்த நாள் ஐந்து நிமிடம் கத்தும். ஆகவே கூட்டத்துக்கு முன்னால் அம்மாக்களிடமும் பேசிவிடுங்கள். சட்டையைத் திருப்பிப் போட்டாலும் திருத்த வேண்டாம் என்று சொல்லுங்கள்.

குளியல் விஷயத்தில் பத்திரம். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர். முழங்கையை விட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாக, 37 டிகிரி அளவில் இருக்கவேண்டும். துண்டும் மாற்றுத்துணியும் முன்கூட்டியே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். தண்ணீர் வாளிப் பக்கத்தில் பிள்ளையை விட்டுத் துண்டு எடுக்கப் போகவே கூடாது.

பச்சைப்பட்டாணி (குழந்தை நலம்):

தூளி சொன்னதோடு நேரக் கணக்கையும் சேர்க்கவேண்டும். அப்பா எட்டரைக்கு வந்து, சாப்பிட்டு, ஒன்பதரைக்கு விளையாட்டைத் தொடங்கினால் பிள்ளை பதினொன்றுக்குத்தான் தூங்கும். பகல் தூக்கத்தையும் சேர்த்து, ஒன்று, இரண்டு வயதில் 11 முதல் 14 மணி நேரம், மூன்று, நான்கு வயதில் 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் வேண்டும். அது குறைந்தால் மறுநாள் உங்கள் வகுப்பில் கடிக்கும், தள்ளும். அதைப் பார்த்து "பிள்ளைக்குக் கோபம் ஜாஸ்தி" என்பார்கள். உண்மையில் தூக்கம் போதவில்லை. இரவு தாமதமாக வரும் அப்பாவுக்குக் காலை ஆறே முக்கால் முதல் ஏழரை வரை நல்ல நேரம்: பல் தேய்த்துவிடுவது, இட்லி ஊட்டுவது, செருப்பு மாட்டிவிடுவது. அவசரப்படுத்தாமல் செய்யும்படி பத்து நிமிடம் முன்னதாகத் தொடங்கவேண்டும்.

மல்லுக்கட்டு விளையாட்டை நிறுத்தச் சொல்லாதீர்கள். உடம்பும் மனசும் உச்சத்துக்குப் போய், அங்கிருந்து இறங்கப் பழகும் இடம் அது. உப்பு மூட்டை, தலையணைச் சண்டை, போர்வைக்குள் ஒளிவது எல்லாம் சேர்த்தி. இறக்கத் தெரியாத அப்பாவால்தான் பிள்ளை முரடாகிறது. ஓரிரு நிமிடத்துக்கு ஒரு தடவை நிறுத்தி முகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். சிரிப்பு நின்று உடம்பு விறைத்தால், முகத்தைத் திருப்பினால், அங்கேயே முடிவு. "போதும்" என்று பிள்ளை சொன்ன நொடியில் கையை எடுக்கவேண்டும். அமுக்கிப்பிடித்துக் கிச்சுக்கிச்சு மூட்டுவதில் சிரிப்பு தானாக வரும், அதைச் சம்மதம் என்று நினைக்கக்கூடாது. அதேசமயம் எல்லா ஆட்டத்திலும் பிள்ளையே ஜெயித்து, அப்பாவை அறைந்தாலும் சிரிப்புதான் என்றால் அதுவும் கெடுதல். யார் கையில் கட்டுப்பாடு என்று தெரியாத ஆட்டம் அதிகமான வீடுகளில் அடிக்கும் பழக்கமும் கூடுதல் என்று கனடாவில் 2009-ல் வந்த ஆய்வு சொல்கிறது. பிள்ளை அடித்தால் அப்பா ஆட்டத்தை நிறுத்தி, ஒரு நிமிடம் கழித்துத் திரும்பத் தொடங்கட்டும். கத்தத் தேவையில்லை.

படுக்கப் போகும் முன் கடைசி அரைமணியில் இந்த ஆட்டம் வேண்டாம். ஒற்றைக் கையைப் பிடித்துச் சுழற்றுவது, தூக்குவது கூடவே கூடாது. ஐந்து வயதுக்குள் முழங்கை மூட்டில் எலும்பு சட்டென்று நழுவிவிடும்; பிள்ளை அந்தக் கையை அசைக்காமல் தொங்கவிடும். அப்படியானால் இழுத்துப் பார்க்காமல் மருத்துவரிடம் போகவேண்டும். அக்குளுக்கடியில் இரண்டு கையாலும் பிடித்துத் தூக்குவதே சரி. நம் ஊர் அடுக்குமாடி வீடுகளில் மேலே தூக்கிப் போடும் ஆட்டத்துக்கு இடமே இல்லை, தலைக்கு மேல் மின்விசிறி.

வேளச்சேரி டீச்சர்:

நன்றி. ஒன்று விட்டுவிட்டேன். வீறிடும் பிள்ளைகளில் மூன்று பேர் பிரசவம் முடிந்து ஐந்தாறு மாதம் அம்மாவின் தாய்வீட்டில் வளர்ந்தவர்கள். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

மணல்வீடு (குடும்ப ஆலோசகர்):

இருக்கலாம். ஆறேழு மாதத்தில் சென்னைக்கு வரும்போதுதான் புதுமுகம் கண்டு அழும் பருவமும் தொடங்குகிறது. எட்டாம் மாதவாக்கில் அது பலமாக இருக்கும். வாரக்கடைசியில் மட்டும் பார்த்த அப்பாவும் அப்போது புதுமுகம்தான். வீடியோ காலில் முகம் பழகும். வாசனையும் பிடியும் பழகாது. இதை அப்பாவிடம் சொன்னால் "பிள்ளைக்கு என்னைப் பிடிக்கல" என்று ஒதுங்கமாட்டார். அடுத்த பிரசவம் எதிர்பார்க்கும் வீடுகளுக்கு: தாய்வீட்டுக்குப் போகும்போது விருந்தாளியாக உட்காராமல் ஓர் இரவு முழுக்க ஏப்பம் விடவைப்பது, துணி மாற்றுவது, தூளி ஆட்டுவது அப்பா பொறுப்பு. மத்திய அரசு ஊழியர்களுக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. தனியாரில் சட்டப்படி இல்லை, கம்பெனி விதியைப் பார்க்கவேண்டும். கிடைக்கிற நாட்களைப் பிரசவ வாரத்திலேயே தீர்க்காமல், சென்னைக்குத் திரும்பும் வாரத்துக்குக் கொஞ்சம் வைத்துக்கொண்டால் நல்லது. அரசு விடுப்பைப் பிறந்து ஆறு மாதத்துக்குள் எடுக்கவேண்டும். ஒரே தொடராக எடுப்பதா என்று அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளட்டும்.

இரண்டு வாசகங்களை வீட்டிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். ஒன்று அம்மாக்கள் சொல்வது: "அப்பா வரட்டும், இரு." பகல் முழுக்க இதைக் கேட்ட பிள்ளை, இரவு கதவு திறக்கும்போது பயந்துதான் பார்க்கும். இன்னொன்று அப்பாக்கள் சொல்வது: "ஆம்பளப் பையன் அழலாமா?" அதற்குப் பதிலாக மூன்று துண்டு வாக்கியம்: "பலூன் வெடிச்சதுல அழுகையா வருது. பக்கத்துப் பையனோடதைப் பிடுங்கக்கூடாது. அப்பா மடியில உட்காரலாம்." உணர்ச்சிக்குப் பெயர், எல்லை, மாற்றுவழி, இந்த வரிசையில். எல்லையை முதலில் சொன்னால் பிள்ளை காதிலேயே வாங்காது.

ஒதுங்கியே இருக்கும் அப்பாவைச் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். கர்ப்பகாலம் முதல் குழந்தைக்கு ஒரு வயதாகும்வரை அப்பாக்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு என்று 2010-ல் வந்த தொகுப்பாய்வு காட்டியது. ஆண்களிடம் அது அழுகையாக வராமல் எரிச்சலாகவும், வீட்டுக்குத் தாமதமாக வருவதாகவும், குடியாகவும் வரலாம். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணைக் கூட்டத்தில் எல்லாருக்கும் எழுதிக் கொடுங்கள், யாரையும் தனியாகக் குறிக்காமல்.

அடிக்கிற அப்பாவை "இன்னும் நெருங்குங்கள்" என்று தள்ளாதீர்கள். அங்கே முதல் வேலை பாதுகாப்பு. அப்பாவிடம் மட்டுமல்லாமல் யாரிடமும் ஒட்டாத, பெயர் சொன்னால் திரும்பாத, ஒன்றரை வயதாகியும் விரலால் சுட்டிக்காட்டாத பிள்ளையை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலோ முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்திலோ காட்டச் சொல்லுங்கள். அது அப்பா பழகாத குறை அல்ல.

தூளி:

கூட்டத்தைப் பற்றியும் கொஞ்சம். பேச்சு பத்து நிமிடம் போதும். நாற்காலி வேண்டாம், பாயில் பிள்ளையோடு உட்காரட்டும். இருபது நிமிடம் கட்டைகள், கொஞ்சம் மாவு உருண்டை, பிள்ளை செய்வதை அப்பா வாயால் சொல்லிக்கொண்டே பின்தொடரவேண்டும், "இது என்ன கலர்?" என்று பரீட்சை வைக்கக்கூடாது. போன்கள் வாசலில் ஒரு கூடையில். மீதிப் பத்து நிமிடத்தில் ஒவ்வொருவரும் தான் எடுத்துக்கொள்ளும் வேலையையும் நேரத்தையும் ஓர் அட்டையில் எழுதிக்கொண்டு போகட்டும். நான்கு வாரம் கழித்து அந்த அட்டையை வைத்து விசாரியுங்கள்.

அழைப்பில் "அப்பா, அல்லது வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா, மாமா, சித்தப்பா" என்று போடுங்கள். துபாயில் அப்பா இருக்கும் பிள்ளையும், அப்பாவே இல்லாத பிள்ளையும் அன்றைக்குத் தனியாக நிற்கக்கூடாது. உங்கள் வாட்ஸ்அப் குழுவில் அம்மாக்களின் எண் மட்டும்தானே இருக்கும்? அப்பாவின் எண்ணை வாங்கி அவருக்கே நேரடியாக அனுப்புங்கள். சேர்க்கைப் படிவத்திலும் அந்தக் கட்டத்தை இந்த வருடமே சேர்த்துவிடுங்கள்.