ரோமானியப் படைவீரனின் சாதாரண நாள்: மீள்நிகழ்த்தலில் காண்பது எவ்வளவு உண்மை?

வழிப்போக்கன் (கேள்வி):

நண்பர்களே, ஐரோப்பாவில் ரோமானியப் படை வாழ்க்கையை மீள்நிகழ்த்தும் குழுக்களின் காணொளிகளைச் சில மாதங்களாகப் பார்த்து வருகிறேன். பிரிட்டனில் 1972-இல் தொடங்கிய எர்மின் ஸ்ட்ரீட் கார்டு முதல் பெயர் தெரியாத சிறு குழுக்கள் வரை, பெரும்பாலும் ஒரே காட்சிதான்: சிவப்பு உடுப்பு, பளபளக்கும் பட்டைக் கவசம், கேடயங்களை ஓடு வேய்ந்தாற்போல் அடுக்கும் ஆமை அணிவகுப்பு, இரண்டு முறை ஈட்டி எறிதல், கைதட்டல். இருபத்தைந்து ஆண்டுகள் படையில் கழித்த ஒருவன் அத்தனை நாளும் இதையேவா செய்துகொண்டிருந்தான்? போரில்லாத நாளில் அவனுக்கு என்ன வேலை, என்ன சாப்பாடு, சம்பளத்தில் கையில் நின்றது எவ்வளவு? இவற்றுக்கெல்லாம் நேரடிச் சான்று இருக்கிறதா, இல்லை வெறும் ஊகந்தானா? மீள்நிகழ்த்தலில் பங்கெடுத்தவர்கள் யாராவது இருந்தால், அந்த உடுப்பைப் போட்ட பிறகு புதிதாகத் தெரிந்துகொண்டது என்ன என்பதையும் எழுதுங்கள்.

ஏட்டுச்சுவடி:

நேரடிச் சான்று உண்டு. ஆனால் அது கவசத்தைவிடக் கணக்கெழுத்தில்தான் மிகுதி. வட இங்கிலாந்தில், ரோமானியர் எல்லையாகக் கட்டிய ஹேட்ரியன் சுவருக்குச் சற்றுத் தெற்கே உள்ள விண்டோலாண்டா கோட்டையில், அட்டையளவே தடிமன் கொண்ட மரச்சீவல்களில் மையால் எழுதிய படை அலுவலகக் குறிப்புகள் 1973 முதல் கிடைத்து வருகின்றன. சுவர் கட்டப்படுவதற்கு முன்பே, கி.பி. 90-களில், அங்கிருந்த முதலாம் துங்ரியப் பிரிவின் ஆள்கணக்கு ஒன்று மே 18 என்ற நாளிட்டுக் கிடைத்திருக்கிறது. மொத்தம் 752 பேர். அவர்களில் 456 பேர் கோட்டையிலேயே இல்லை. 337 பேர் பக்கத்திலிருந்த கோரியா என்ற படைத்தளத்திலும், 46 பேர் ஆளுநரின் மெய்க்காவலிலும், மற்றவர்கள் வெவ்வேறு அலுவல்களிலும் வெளியே போயிருக்கிறார்கள். இருந்த 296 பேரில் 15 பேர் நோயாளிகள், 6 பேர் காயம்பட்டவர்கள், 10 பேருக்குக் கண்நோய். வேலைக்கு ஆகிறவர்கள் 265 பேர். காயம்பட்டவர்களைவிடக் கண்நோய்க்காரர்கள் அதிகம் என்பதைக் கவனியுங்கள். எல்லைக் கோட்டை வாழ்க்கையின் இயல்பு அதில் தெரிகிறது.

இன்னொரு பலகை ஏப்ரல் 25-ஆம் நாளின் வேலைப் பங்கீடு. பணிமனைகளில் 343 பேர் என்று தொடங்கி, செருப்புத் தைப்பவர் 12 பேர், குளியல் கூடத்துக்குக் கட்டட வேலையாட்கள் 18 பேர் என்று நீள்கிறது. இவர்கள் லீஜியன் எனப்படும் முதன்மைப் படையின் வீரர்கள் அல்லர், துணைப்படையினர் என்றாலும், வேலைகள் ஏறத்தாழ ஒன்றுதான். பின்னர் அங்கு வந்த ஒன்பதாம் பட்டாவியப் பிரிவின் தலைவர் பிளாவியஸ் செரியாலிஸுக்கு வீரர்கள் எழுதிய விடுப்பு விண்ணப்பங்களும் பல கிடைத்துள்ளன. ஒரு கடிதத்தில், அனுப்பிய காலுறைகள், இரண்டு இணைச் செருப்புகள், இரண்டு உள்ளாடைகள் பற்றிய செய்தி இருக்கிறது. இன்னொன்றில் மாஸ்குலுஸ் என்ற அதிகாரி, தோழர்களிடம் பீர் தீர்ந்துவிட்டது, அனுப்பச் சொல்லுங்கள் என்று கேட்கிறார்.

கையில் நின்ற காசைப் பற்றிக் கேட்டீர்கள். அகஸ்டஸ் காலத்தில் லீஜியன் வீரனுக்கு ஆண்டுக்கு 225 தினாரி, அதாவது வெள்ளிக்காசு; பின்வந்த பேரரசர் டொமிஷியன் அதை 300 ஆக்கினார். அதில் பிடித்தம் எவ்வளவு என்பதற்கு, யூதேயாவின் மசாடாவில் கிடைத்த 70-களைச் சேர்ந்த ஒரு பாப்பிரஸ் துண்டே போதும். பெய்ரூட்டைச் சேர்ந்த கயஸ் மெஸ்ஸியஸ் என்ற வீரன் பெற்ற ஒரு தவணைச் சம்பளம் 50 தினாரி. வாற்கோதுமைக்கு 16, உணவுக்கு 20, செருப்புக்கு 5, தோல்வாருக்கு 2, லினன் உடுப்புக்கு 7. கூட்டிப் பாருங்கள்.

ஆணிச்செருப்பு:

நான் ஜெர்மனியில் ஒரு மீள்நிகழ்த்தல் குழுவில் நான்கு கோடைகள் பங்கெடுத்தவன். புதிதாகத் தெரிந்துகொண்டது என்ன என்று கேட்டால், முதலில் கால்தான். அடியில் இரும்பு ஆணி அறைந்த காலிகே என்ற தோல்செருப்பு, புல்லிலும் ஈர மண்ணிலும் அபாரமாகப் பிடித்துக்கொள்ளும். வழவழப்பான கல்தளத்தில் அதே ஆணிகள் பனிச்சறுக்குப் பலகைபோல ஓடும். என் முதல் நிகழ்ச்சியிலேயே, ஒரு முற்றத்தில் திரும்பு என்ற கட்டளைக்கு நான் மட்டும் திரும்பாமல் மல்லாந்தேன். அன்றிரவு எங்கள் குழுத்தலைவர் ஆறுதலாகச் சொன்னது யூத வரலாற்றாசிரியர் ஜொசிபஸ் பதிவு செய்த நிகழ்ச்சியை: எருசலேம் கோயிலில் ஒற்றையாளாகப் பகைவரை விரட்டிச் சென்ற ஜூலியானஸ் என்ற நூற்றுவர் தலைவன், இந்த ஆணிகளால்தான் கல்தளத்தில் வழுக்கி விழுந்து, எழ முடியாமல் கொல்லப்பட்டான். ஆறுதலாக இல்லை என்பது வேறு விஷயம்.

அடுத்தது திருகை. எட்டுப் பேர் ஒரு தோல் கூடாரத்தில் தங்குவார்கள். இப்படிப் பத்துக் கூடாரம் சேர்ந்தது 80 பேர் கொண்ட ஒரு நூற்றுவர் பிரிவு. பெயர் நூற்றுவர் என்றாலும் ஆள் எண்பதுதான். ஒவ்வொரு கூடாரத்துக்கும் ஒரு கோவேறு கழுதை, ஒரு கைத்திருகை. படை அளந்து கொடுத்தது மாவையோ ரொட்டியையோ அன்று, முழுக் கோதுமையை. ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 850 கிராம். எட்டுப் பேருக்கு ஏழு கிலோ கோதுமையை அரைக்க எங்களுக்கு மாறி மாறி இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. முதலில் கிடைத்தது மாவன்று, நொய். அதைச் சலிக்காமல் சுட்ட ரொட்டியில் கல்பொடி நறநறத்தது. கூழாகக் காய்ச்சினால் அரைக்கும் வேலை குறையும் என்பதை இரண்டாம் நாளிலேயே கண்டுகொண்டோம். அவர்கள் பருகிய புளிக்காடி கலந்த தண்ணீர், அந்த வெயிலில், நான் நினைத்ததைவிட நன்றாகவே இருந்தது.

என்னைக் கேட்டால், மீள்நிகழ்த்தலின் பயன் போர்க்காட்சியில் இல்லை. யாரும் யாரையும் கொல்லப்போவதில்லை என்று தெரிந்து சண்டையிடுவதில் கற்றுக்கொள்ள அதிகமில்லை. வரலாற்றாய்வாளர் மார்க்குஸ் யுங்கெல்மன் 1985-இல் ஒரு சிறு குழுவுடன் முழுப் படைக்கோலத்தில் வெரோனாவிலிருந்து ஆல்ப்ஸ் மலையைக் கடந்து ஆக்ஸ்பர்க் வரை நடந்தாரே, அதுதான் சோதனை. எந்த வார் எங்கே உராய்கிறது, எந்த ஆணி எத்தனை நாளில் தேய்கிறது என்பது நடந்தால்தான் தெரியும்.

நிறமாலை:

சிவப்பு உடுப்பைப் பற்றி ஒரு திருத்தம். எல்லா வீரர்களும் சிவப்பு அணிந்தார்கள் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. எகிப்தின் பிலடெல்பியா ஊர் நெசவாளர்களுக்கு கி.பி. 138-இல் வந்த ஓர் ஆணையில், கப்படோசியாவிலிருந்த படைக்காகக் கேட்கப்பட்டது இடுப்பில் கச்சை கட்டும் வெள்ளை உடுப்பு. அதற்காக எங்கும் எப்போதும் வெள்ளைதான் என்று சொல்ல வரவில்லை. ஒரே சாயத்தில் முக்கியெடுத்த படை என்பது திரைப்படத்திலிருந்து வந்த பழக்கம்.

கவசமும் அப்படியே. பட்டைக் கவசத்துக்கு இன்று வழங்கும் லோரிகா செக்மென்டாட்டா என்ற பெயர் ரோமானியர் வைத்ததன்று. 1964-இல் வட இங்கிலாந்தின் கார்பிரிட்ஜில் ஒரு பெட்டியில் புதைந்த கவசத் துண்டுகள் கிடைத்த பிறகே அது உள்ளே எப்படிப் பூட்டப்பட்டது என்பது ஒழுங்காகத் தெரிந்தது. 2018-இல் ஜெர்மனியின் கால்கிரீஸில் இன்னும் முழுமையான, இன்னும் பழைய ஒன்று கிடைத்தது. வளையங்கள் கோத்த சங்கிலிக் கவசம் அதற்கு முன்னும் பின்னும் புழக்கத்தில் இருந்ததை மேடையில் அதிகம் பார்க்க முடிவதில்லை. ஒருவேளை அது பளபளக்காததுதான் காரணம்.

வழிப்போக்கன்:

எல்லோருக்கும் நன்றி. மெஸ்ஸியஸின் கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். சரியாக 50 வந்தது, பாவம். இன்னும் ஒன்று: பயிற்சியாவது நாள்தோறும் நடந்ததா? திருகையையும் தையலையும் எந்தக் குழுவும் ஏன் காட்டுவதில்லை?

ஆணிச்செருப்பு:

பயிற்சி நடந்தது. படைக்கலை நூலாசிரியர் வெஜீஷியஸ் பிற்காலத்தவர் என்றாலும் பழைய முறையை எழுதிவைத்திருக்கிறார்: நட்ட கம்பத்தை எதிரியாகக் கொண்டு, இரு மடங்கு எடையுள்ள பிரம்புக் கேடயமும் மரவாளும் ஏந்திக் காலையும் மாலையும் குத்திப் பழக வேண்டும். நடைப்பயிற்சியில் ஐந்து மணி நேரத்தில் 20 ரோமானிய மைல், அதாவது முப்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆனால் அது கோடைக்கால மணி. பகலைப் பன்னிரண்டாகப் பகுத்த அந்த மணி நம் மணியைவிட நீளம் என்பதை மறந்து, நம் கடிகாரத்தை வைத்து நடந்த புதியவர்கள் இருவர் எங்கள் குழுவில் நான்காம் மணியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். காட்டுவதில்லை என்று சொல்ல முடியாது. படம் எடுப்பவர்கள் அந்நேரத்தில் வருவதில்லை. ஆமை அணிவகுப்பு நான்கு நிமிடத்தில் முடியும், மாவரைப்பு அப்படியா? கோட்டைகளில் இரண்டு நாள் முகாம் போடும் நிகழ்ச்சி ஏதாவது இருந்தால், காட்சி தொடங்கும் பதினொரு மணிக்குப் போகாதீர்கள். இரவு அங்கேயே தங்கும் குழு எது என்று கேட்டுக்கொண்டு, காலை ஏழு மணிக்குக் கூடாரங்களுக்குப் பின்புறம் போங்கள். திருகை முன்னால் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். கைப்பிடியை உங்களிடம் கொடுக்க அவர்கள் சற்றும் தயங்கமாட்டார்கள்.