குத்துகோலா, உந்துகோலா? பில்லியர்ட்ஸ் சொற்கள் பற்றி

அன்புள்ள ஐயா,

வணக்கம். பில்லியர்ட்ஸ் என்ற மேசைப் பந்தாட்டத்துக்குத் தமிழில் 'கோற்பந்து', அதில் அடிக்கும் கம்புக்கு (ஆங்கிலத்தில் 'க்யூ') 'உந்துகோல்' என்று நீங்கள் முன்வைத்ததைப் படித்தேன். முதலாவதில் எனக்குச் சிறு தயக்கம்தான். இரண்டாவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. எனவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இந்த ஆட்டத்தில் உந்துவது குற்றம். விதியே அப்படித்தான் சொல்கிறது. கோலின் நுனி வெள்ளைப் பந்தைத் தொட்டதும் விலகிவிட வேண்டும். ஒட்டியபடியே தள்ளிக்கொண்டு போனால் தண்டப் புள்ளி. நான் இதைப் பட்டுத்தான் கற்றேன். ஒருநாள் பில்லியர்ட்ஸின் உறவான ஸ்னூக்கர் ஆட்டத்தின் மேசையில் வெள்ளைப் பந்துக்கும் சிவப்புக்கும் நடுவே ஒரு விரல் நுழைய இடமில்லை. இடது கையைப் பச்சைத் துணியில் ஊன்றி, கட்டைவிரல் இடுக்கில் கோலை வைத்து, பூப்போல ஒரு தள்ளு தள்ளினேன். சிவப்பு அழகாகப் போய்ப் பையில் விழுந்தது. புள்ளிப் பலகையருகே நின்று கணக்கு வைக்கும் மார்க்கரோ, முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் எதிராளியின் கணக்கில் நான்கைக் கூட்டினார். "குத்த வேண்டும், தள்ளக் கூடாது" என்றார். அவர் கலைச்சொல் அகராதி எதையும் புரட்டியவர் அல்லர். நாம் ஒரு வாரமாகத் தேடும் வினைச்சொல் அவர் வாயில் தயாராக இருந்தது.

ஆகவே ஊன்றுகோல், எழுதுகோல் வரிசையில் 'குத்துகோல்' என் பரிந்துரை. கேட்க முரடாக இருக்கிறது, மாட்டுக்காரரின் தார்க்குச்சி நினைவுக்கு வருகிறது என்பீர்கள். வரட்டுமே! இரண்டிலும் வேலை செய்வது நுனிதான். தவிர, 'க்யூ' என்ற சொல்லின் கதையும் என் பக்கமே பேசுகிறது. பிரெஞ்சில் அதற்கு 'வால்' என்று பொருள். முற்காலத்தில் தலை பருத்த ஒரு கட்டையால் பந்தைத் தள்ளித்தான் ஆடினார்கள். பந்து மேசையோரத்தை ஒட்டி நின்றுவிட்டால் பருத்த தலை அங்கே உதவாது. கட்டையைத் திருப்பி வால் பக்கத்தால் குத்துவார்கள். அந்த வால்தான் பிறகு தனிக் கோலாயிற்று. நீங்கள் சொல்லும் 'உந்துகோல்' வழக்கொழிந்த அந்தப் பழைய கட்டைக்குக் கச்சிதமாகப் பொருந்தும்.

'கோற்பந்து' பற்றி: ஹாக்கி ஏற்கெனவே வளைகோற்பந்து. கோல் நிமிர்ந்ததும் ஆட்டம் மாறிவிட்டது என்று படிப்பவர் ஊகிக்க வேண்டுமா? முன்னால் ஒரு மேசையைப் போட்டு 'மேசைக் கோற்பந்து' என்றால் சிக்கல் தீரும். நாளிதழ்கள் பில்லியர்ட்ஸ் என்றே எழுதினாலும் எனக்கு வருத்தமில்லை.

பந்து விழும் பாக்கெட்டுக்குக் 'குழி' வேண்டாம். கோல்ஃப் அதைக் குழிப்பந்தாட்டமாக எடுத்துக்கொண்டுவிட்டது. கிளப் மேசையின் ஆறு வாய்களிலும் வலைப்பைதானே தொங்குகிறது? பை என்றே சொல்வோம்.

பழைய சொற்பட்டியல் ஒன்றில், பில்லியர்ட்ஸில் 'கேனன்' எனப்படும் அடிக்குப் 'பீரங்கியடி' என்று கண்டேன். அரை மணி நேரம் சிரித்தேன். அங்கே வெடிமருந்தே இல்லை. சிவப்புப் பந்தைக் குறித்த 'காரம்போல்' என்ற சொல் தேய்ந்து 'கேரம்' ஆகி, ஆங்கிலேயர் நாவில் 'கேனன்' ஆனது. நம் பந்து மற்ற இரண்டு பந்துகளையும் தொட்டால் 2 புள்ளி, அவ்வளவே. 'இருதொடல்' போதும்.

ஸ்னூக்கரை மட்டும் தயவுசெய்து மொழிபெயர்க்காதீர்கள். இங்கிலாந்தின் உல்விச் ராணுவப் பள்ளியில் முதலாண்டு மாணவனைக் கேலியாக அழைத்த பெயர் அது. 1875இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லேன் என்ற ராணுவ அதிகாரி இந்தப் புது ஆட்டத்துக்கு அதைச் சூட்டினார். பின்னர் பிரிட்டிஷ் பிரதமரான சேம்பர்லேன் வேறொருவர். விதிகள் உருப்பெற்றது நம் உதகை கிளப்பில். கேலிப்பெயருக்கு என்ன கலைச்சொல்? ஆனால் அடிக்க வேண்டிய பந்தை வேறொரு பந்து மறைத்து நிற்கும் நிலையையும் ஸ்னூக்கர் என்கிறார்கள். அதற்கு 'மறிப்பு' பொருந்தும். 'மறியல்' என்று எழுதத்தான் கை துடித்தது. சாலையோரம் கொடி பிடிப்பவர்கள் நினைவுக்கு வந்ததால் விட்டுவிட்டேன்.

அன்புடன்.

*

அன்பரே,

மார்க்கரின் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. உந்துகோலைத் திரும்பப் பெறுகிறேன். ஆனாலும் ஒரு கவலை. நம் பில்லியர்ட்ஸ் சாம்பியனைப் பற்றி "பங்கஜ் அத்வானி குத்தினார்" என்று நாளிதழில் வந்தால் படிப்பவர் குற்றச்செய்திப் பக்கமோ என்று திகைக்க மாட்டாரா? அடுத்து, 'பிரேக்' என்பதை ஏன் விட்டுவிட்டீர்கள்? அதைப் 'புள்ளிக்கோவை' என்றால் என்ன?

*

ஐயா,

கோலின் பெயரில் மட்டும் குத்து இருக்கட்டும். செய்தியில் "அடித்தார்" என்றே எழுதலாம். எழுதுகோலால் படமும் வரைகிறோமே.

'பிரேக்' உண்மையில் இரண்டு சொற்கள். ஆட்டத் தொடக்கத்தில் முக்கோணமாக அடுக்கிய பந்துகளில் மோதுவது ஒன்று, அதற்குக் 'கலைப்பு'. இடைவிடாமல் ஒருவரே சேர்க்கும் புள்ளிகள் மற்றொன்று. ஸ்னூக்கரில் அதன் வழக்கமான உச்சம் 147. பதினைந்து சிவப்புக்கும் இணையாகக் கறுப்பை அடித்து, மீதி ஆறு வண்ணங்களையும் வரிசையாகப் பையில் போட வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாகக் கோப்பதால் புள்ளிக்கோவை நல்ல சொல்தான். தலைப்பில் மட்டும் 'புள்ளி'யை உதிர்த்துவிடாதீர்கள். "அத்வானியின் அபாரக் கோவை" என்றால் கோயம்புத்தூர்க்காரர்கள் உரிமை கொண்டாடுவார்கள்.